கபடிக் களத்தில் மருத்துவரின் நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தை பிறந்ததும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் கபடிப் போட்டிச் செய்திகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை யார் உபயம், சிறந்த ரெய்டருக்கு (பாடிப் போகிறவர்) என்ன, சிறந்த கேட்சருக்கு (அவரைப் பிடிப்பவர்) என்ன என்பதெல்லாம் விவரமாக இருக்கும். விழுந்தவனை யார் பார்ப்பது என்ற ஒரு வரி மட்டும் நோட்டீசிலும் இருப்பதில்லை, செய்தியிலும் இருப்பதில்லை. அதே மாதத்தில் நடக்கும் ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரருக்கு உடற்தகுதிப் பரிசோதனை, வாடிவாசல் பக்கத்தில் மருத்துவக் குழு, தயாராக ஆம்புலன்ஸ் என்று எல்லாம் விதிமுறையாகவே வந்துவிட்டது. இங்கே எதிரே ஓடி வருவது காளை இல்லை என்பதாலோ என்னவோ, கபடிக்கு அந்த அக்கறை வரவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் ஆடிய இந்திய அணிகள் கபடியில் தங்கம் வென்றன. அதற்குப் பிறகு களத்துக்கு வரும் பிள்ளைகள் கூடத்தான் செய்வார்கள். அவர்களுக்காக இருக்க வேண்டிய ஒரு மருத்துவரைப் பற்றியே இந்தக் கடிதம்.

விளையாட்டு மருத்துவர் என்றதும் மூட்டில் துளை போட்டு அறுவை செய்பவரைத்தான் பலர் நினைக்கிறார்கள். அவர் எலும்பு, மூட்டு அறுவை நிபுணர். பயிற்சி கொடுத்துத் தசையைத் திரும்பப் பழக்குபவர் இயன்முறை மருத்துவர். விளையாட்டு மருத்துவம் இந்த இரண்டுக்கும் நடுவில் தனித் துறை. எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. எழுதிச் சேரும் மூன்றாண்டு எம்.டி. படிப்பு அதற்கு இருக்கிறது. நாடு முழுவதும் இடங்கள் சொற்பம் என்பதால், எலும்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி வழியாக வருபவர்களும் உண்டு. சொந்த ஊரில் கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவரும் இதில் ஒரு கால் வைக்கலாம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபா நடத்தும் கால்பந்து மருத்துவப் பட்டயப் பாடம் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பெயர்தான் கால்பந்து. அதில் வரும் கணுக்காலும் முழங்காலும் தலைக்காயமும் கபடிக்காரனுக்கும் அப்படியே பொருந்தும்.

பட்டம் எதுவானாலும் இந்த வேலை ஓ.பி. அறையில் முடிவதில்லை. காரணம் எளிது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார், எல்லோரும் சொல்லும் ஏ.சி.எல்., கிழிந்திருக்கிறதா என்று கையால் பார்க்கும் சோதனைக்கு அடிபட்ட முதல் சில நிமிடங்கள்தான் தோது. முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்னே இழுக்கும்போது, நார் கிழிந்திருந்தால் சட்டென்று தடை தட்டாமல் எலும்பு வழுகி முன்னால் வரும். அரை மணி கழித்து மூட்டுக்குள் ரத்தம் நிரம்பி வீங்கி, தொடையின் பின்தசை இறுகிவிட்டால் எவ்வளவு தேர்ந்த கைக்கும் அது பிடிபடாது. மறுநாள் காலை மருத்துவமனைக்கு வருபவரின் காலில் வீக்கம்தான் தெரியும்.

கபடியில் இந்தக் காயம் எப்படி வருகிறது என்பதும் களத்தைப் பார்த்தவருக்கே புரியும். ரெய்டரின் பாதத்தை ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆள் பிடித்துவிட்டார். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. பாதத்துக்கும் உடம்புக்கும் நடுவில் முட்டி முறுக்குகிறது. 'டப்' என்று ஒரு சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், பிறகு நடக்கும்போது முட்டி நழுவுகிற உணர்வு. இந்த மூன்றும் சேர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்வரை ஏ.சி.எல். என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடும்போது பிடிமானம் அதிகம் என்பதால் முறுக்கும் அதிகம். ஊர் வழக்கில் 'ஜவ்வு' என்ற ஒரே சொல் தசைநாருக்கும் ஓடுகிறது, மூட்டுக்குள் மெத்தை போலக் கிடக்கும் குருத்தெலும்புத் தகட்டுக்கும் ஓடுகிறது. 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு, கட்டுப் போட்டா சேர்ந்துடும்' என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேளுங்கள். பக்கவாட்டுத் தசைநார் பெரும்பாலும் கட்டிலேயே ஆறும். முன் சிலுவைத் தசைநார் முழுதாக அறுந்திருந்தால் பழையபடி சேர்வதை நம்பிக் காத்திருக்க முடியாது. வளைந்து திரும்பி ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் அறுவைதான் வழி.

அறுவைக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது, கெடுவதும் அங்கேதான். வீட்டில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். சுகமாக இருக்கும். இரண்டு வாரத்தில் முட்டி மடங்கியபடியே இறுகி, கால் முழுதாக நீளாமல் போகும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும், முட்டிக்கு அடியில் கூடவே கூடாது. முதல் இரண்டு வாரத்தின் குறிக்கோள் காலை முழுதாக நீட்டுவது, தொடைத்தசையை இறுக்கப் பழகுவது, வீக்கத்தை இறக்குவது. மூன்று நான்கு மாதத்தில் மெதுவோட்டம், அரையாண்டு வாக்கில் திசைமாற்றி ஓடுதல், பிறகு மெல்ல மெல்ல ஆள்மோதல். ஒன்பது மாதத்துக்கு முன் போட்டி இல்லை. வெளித்தழும்பு ஒரு மாதத்தில் ஆறிவிடும். உள்ளே வைத்த புதிய நார் அதற்குப் பிறகுதான் பலவீனமான கட்டத்துக்கே போகிறது. நான்காம் மாதத்தில் கோயில் திருவிழா போட்டி வரும், 'ஒரு மேட்ச் மட்டும்' என்பார்கள். இரண்டாம் முறை கிழிவது அப்போதுதான்.

ஒன்பது மாதம் ஆனது மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு அளவு நாடாவும் சாக்பீசும் போதும். ஒற்றைக் காலில் ஒரே தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டைக் குறுக்காகக் கடந்து மூன்று தாவல், 6 மீட்டரை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம். நல்ல காலின் அளவில் குறைந்தது 90 விழுக்காட்டை அடிபட்ட கால் எட்ட வேண்டும். ஜிம்மில் இருக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் இருக்கையில் ஒவ்வொரு காலுக்கும் தூக்கும் எடையை ஒப்பிட்டால் தொடையின் பலமும் தெரிந்துவிடும்.

எண்ணெய் போட்டு உருவுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொடையில் எதிராளியின் முட்டி பட்டு ரத்தம் கட்டிக்கொண்டால், அன்றே அழுத்தி உருவுவது பெரிய தீங்கு. தசைக்குள் தேங்கிய ரத்தம் கரையாமல், சில வாரங்களில் எலும்பாக இறுகிவிடலாம். விலகிய முழங்கையை இழுத்து நீவினாலும் இதே கதைதான், பிறகு கை மடங்கவே மடங்காது. தொடை அடிக்குச் செய்ய வேண்டியது: வலி தாங்குமளவு முழங்காலை நன்றாக மடக்கி, 120 பாகை வரை போனால் நல்லது, கிரேப் பேண்டேஜால் அந்த நிலையிலேயே ஒரு நாள் கட்டி வைப்பது. ஐஸ் வைத்தால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், அவ்வளவுதான். கணுக்கால் பிரண்டவருக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்கும் எளிய விதி உண்டு. தானாக நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் மொளியின் பின் ஓரமாக 6 செ.மீ.க்குள் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது, அல்லது பாதத்தின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடிப்பகுதியிலோ நடுப்பாதத்தின் உள்பக்க எலும்பிலோ தொட்டால் வலிக்கிறது என்றால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் படச் செலவு மிச்சம்.

முட்டி போனால் ஆட்டம் போகும். உயிர் போகும் காயங்கள் வேறு. மார்பில் உதையோ மோதலோ பட்டு, அல்லது எதுவுமே படாமல், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் சரிந்து விழுகிறார். கை கால் சில நொடி வெட்டி இழுக்கிறது. கூட்டம் 'வலிப்பு' என்று முடிவுகட்டி இரும்புச் சாவியைத் தேடுகிறது. இதயம் நின்றுபோனாலும் முதல் சில நொடிகளில் உடம்பு அப்படித்தான் உதறும். மீன் போல வாய் திறந்து மூடுவதை மூச்சு என்று நினைத்துவிடுவார்கள். அது மூச்சில்லை. ஆடுகளத்தில் திடீரென விழுந்தவர் கூப்பிட்டுத் தட்டியும் அசையவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே கொண்டு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்தத் தொடங்க வேண்டும். ஏ.இ.டி. என்ற மின்னதிர்ச்சிக் கருவி களத்தில் இருந்தால் அது தானே பேசி வழிகாட்டும். அதிர்ச்சி தரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்தால் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிக்கலாம். போட்டிக்கு முன் எடை போடும்போதே மூன்று கேள்வி கேட்டால் போதும். ஆடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா, மார்பு வலித்ததுண்டா, குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீரென யாராவது இறந்ததுண்டா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அன்று ஆட்டம் இல்லை, இதய மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி., எக்கோ எடுத்துவிட்டு வரட்டும்.

தலை குப்புற டாஷ் (மோதித் தள்ளுதல்) அடித்துக் கழுத்து மடங்கியவரை நான்கு பேர் கை ஒன்று கால் ஒன்றாகத் தூக்கி ஓடுவது நம் ஊர்க் காட்சி. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் சொல்லும் எண்ணிக்கைக்கு மற்ற மூவரும் உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். சோடா தெளித்து எழுப்பி 'ஒண்ணுமில்லடா, போ' என்று திரும்ப அனுப்புவதும் அதே அளவு ஆபத்து. தலையில் அடிபட்டுக் கணநேரம் திகைத்தாலும், ஸ்கோர் என்ன என்று தெரியாமல் விழித்தாலும், தள்ளாடினாலும் அன்றைக்கு மறுபடி களமில்லை. ஏழு பேர் ஆட ஐந்து பேர் மாற்று இருக்கிறார்கள், அவர்கள் எதற்கு? ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக, ஒரு படிக்கு ஒரு நாளாவது. ஆக ஒரு வாரத்துக்கு முன் மோதல் ஆட்டம் வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூங்கி வழிதல், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிதல் இருந்தால் நள்ளிரவானாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான். விழுந்த பல்லை வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்ப நிற்க நல்ல வாய்ப்புண்டு. டீக்கடை இல்லாத களம் ஏது?

இனி, வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று: எடையும் ஊசியும். 65 கிலோ பிரிவுக்கு 68 கிலோ ஆள் எப்படி வருகிறார்? முதல் நாளே தண்ணீரை நிறுத்தி, ரெக்சின் ஜாக்கெட் மாட்டி ஓடி, சிலர் சிறுநீரைப் பிரிக்கும் ஃபுரோசிமைடு மாத்திரையும் போட்டு வருகிறார்கள். உடல் எடையில் 2 விழுக்காடு, அதாவது 65 கிலோவுக்கு 1.3 லிட்டர் நீர் குறைந்தாலே ஓட்டமும் கவனமும் மங்கும். மாத்திரை பொட்டாசியத்தையும் இறக்கிவிடுவதால் இதயத் துடிப்பே தடுமாறலாம். எடை போட்டு முடிந்ததும் அசதியைப் போக்க 'ஒரு பாட்டில் ஏத்திக்கோ' என்பார்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதிப்படி 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே தடை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. பாட்டிலில் இருப்பது 500 மி.லி. உள்ளே இருப்பது வெறும் குளுக்கோஸ்தானே என்ற வாதம் செல்லாது.

ஃபுரோசிமைடு எல்லா நாளும் தடை. வலிக்குப் போடும் டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. 'வலிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று' என்று இடுப்பில் போடும் இரண்டில் இரண்டாவது பெரும்பாலும் அதுதான். அது டிரையம்சினலோன் வகையாக இருந்தால் உடம்பைவிட்டு வெளியேற 60 நாள் கணக்கு வைக்கச் சொல்கிறது முகமை. மயக்க மருந்து கொடுக்கும் இடத்தில் ரத்த அழுத்தத்தைத் தூக்கப் பயன்படும் மெபென்டெர்மின், ஜிம்களில் சுறுசுறுப்பு ஊசியாகக் கைமாறுவதும், போலீஸ் பிடிப்பதும் தங்கள் நாளிதழிலேயே வருகிற செய்திகள். கிராமப் போட்டிக்கு ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் வருவதில்லை. ஆனால் அங்கே கற்ற பழக்கம் தேசிய முகாமுக்கும் கூடவே போகும். 2023இல் இந்தியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் 213 ஊக்கமருந்துச் சோதனையில் தேறவில்லை. தெரியாமல் எடுத்தேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைத் துடைக்காது. மாட்டிக்கொள்பவர் வீரர். ஊசி போட்டவர் பெயர் பேப்பரில் வராது. தடைப்பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1இல் புதுப்பிக்கப்படுகிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். வேறு வழியில்லாத நோய்க்கு முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்கு வாங்கவும் ஏற்பாடு உண்டு. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது விளையாட்டு மருத்துவரின் அன்றாட வேலைகளில் ஒன்று.

பெண் வீராங்கனைகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிவிட்டுப் போகிறோம்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? பயிற்சியாளர் கேட்கக் கூச்சப்படுவார், பிள்ளை சொல்லக் கூச்சப்படும். மூன்று மாதம் நின்றிருந்தால் சாப்பாடு பயிற்சிக்கு ஈடாகவில்லை என்று பொருளாக இருக்கலாம். அடுத்து கெண்டைக்கால் எலும்பில் விரிசல் வரலாம். ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஓட்டத்தில் மூச்சு வாங்கும் பெண்ணை 'ஸ்டாமினா இல்லை' என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள்.

கோடை முகாம் நடத்துவோருக்கு: வெயிலில் ஓடி, உளறலோடு விழுந்து, உடம்பு 40 பாகை செல்சியஸுக்கு மேல் கொதித்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் இங்கே பொய் சொல்லும், ஆசனவாய் அளவுதான் நம்பகம். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தொடாது. ஒரு தார்ப்பாயை ஆறு பேர் ஓரம் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, நூறு லிட்டர் அளவு தண்ணீரும் உடைத்த ஐஸ் பாரும் கொட்டி அலசிக்கொண்டே இருந்தால் போதும். 39க்கு இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். அரை மணிக்குள் இதைச் செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள்.

இத்தனையையும் செய்ய வேண்டியவரை அழைத்து என்ன செய்கிறார்கள்? பொன்னாடை போர்த்தி மேடையில் உட்காரவைக்கிறார்கள். மேடையிலிருந்து டியூப்லைட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூட்டம் தெரியும், களம் தெரியாது. அவருக்கு நடுக்கோட்டின் நுனியில், ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட வேண்டும். அவர் கையைத் தூக்கினால் நடுவர் விசில் ஊத வேண்டும், மைக்காரர் வர்ணனையை நிறுத்த வேண்டும். 'வெளியே' என்று அவர் சொன்ன வீரரைக் குழுத் தலைவரோ பரிசு கொடுப்பவரோ திரும்ப இறக்கக் கூடாது. இந்த ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் எந்த மருத்துவரும் கள வேலைக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். அதிகாரம் இல்லாத மருத்துவர், காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டும் ஆள்தான். அவருக்கான ஊதியமும் பரிசுப் பட்டியலுக்கு முன்பே கணக்கில் வர வேண்டும். இரவு 8 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 4 மணிக்கு முடியும் போட்டிக்கு நினைவுக் கேடயம் கூலியாகாது. இந்தத் துறைக்கு இளைஞர்கள் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது, ஜல்லிக்கட்டுக்கு இருப்பது போல் கபடிப் போட்டி அனுமதிக் கடிதத்திலும் களமருத்துவர் பெயரும் ஒப்பமும் கட்டாயமாக வேண்டும் என்பது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டத்துக்கு ஒரு விளையாட்டு மருத்துவரை நியமித்தால், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலிருந்தே பழக்கம் தொடங்கிவிடும்.

அதுவரை விழாக் குழுவினர் தாமாகச் செய்யக்கூடியவை சில. கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும், கோலமாவு போதும். தடுப்புக்கு நடும் சவுக்குக் கம்புகளைக் களத்தின் ஓரத்திலிருந்து நான்கு மீட்டராவது தள்ளி நடுங்கள். நகம் வெட்டி, மோதிரம், தாயத்து, காப்பு கழற்றிய பிறகே ஆளை இறக்குங்கள். இரண்டு ஐஸ் பாரும் ஒரு தார்ப்பாயும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் ஒரு லிட்டர் பாட்டில்களும் வாங்கி வையுங்கள். ஆம்புலன்ஸை மேடைக்குப் பின்னால் விட்டு அதற்குப் பின்னால் முந்நூறு பைக்கை நிறுத்தாதீர்கள். வண்டியின் முகம் சாலையைப் பார்த்து நிற்கட்டும். களத்திலிருந்து சாலை வரை ஸ்ட்ரெச்சர் போகும் அகலத்துக்குக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் கடலை வண்டி வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரைப் போட்டி முடியும் வரை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
களமருத்துவத்தில் ஈடுபட்டுள்ள மருத்துவர்கள், இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்கள்.